கை எட்டின வருஷம்

ஏம்பா, நம்ம ஸ்கூல் செட்டு குரூப்புல எத்தனை பேருக்கு ஜூன் மாசத்துல பொறந்த நாள்? கையைத் தூக்குங்க பார்க்கலாம். சிரிக்காதீங்க, எனக்கும் ஜூன்தான். எங்க அம்மா என்னைப் பெத்தது மார்கழிக் குளிர்ல. கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கோல் கொண்டாரப் போன எடத்துல வலி எடுத்துடுச்சாம். ஆனா ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுல ஆரம்பிச்சு ஆதார் வரைக்கும் நான் ஜூன்லதான் பொறந்திருக்கேன். நாமெல்லாம் ஹெட்மாஸ்டர் பெத்த புள்ளைங்க.

கொஞ்ச நாளா எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல. கடையில மெஷின் முன்னாடி உக்காந்தா கால் பாட்டுக்கு மிதிக்குது, மனசு வேற எங்கியோ போவுது. நேத்து ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைச்சுட்டேன். துணி குடுத்த அம்மா வந்து கேட்டா இன்னா சொல்றதுன்னு தெரியல. இதை யார்கிட்டயாவது கொட்டினாதான் எனக்கு அடங்கும். சின்ன வயசுக்காரங்ககிட்ட சொன்னா கதை கேக்கற மாதிரி கேட்டுட்டுப் போயிடுவாங்க. கையை வளைச்சுக் காதைத் தொட்டு ஸ்கூலுக்குள்ள போன உங்களுக்குத்தான் புரியும்.

ஞாபகம் இருக்குதா? வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடணும். தொட்டுட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு அர்த்தம், ஒண்ணாங்கிளாஸ்ல போட்டுடுவாங்க. தொடலைன்னா அடுத்த வருஷம் வா. அவ்ளோதான் நம்ம என்ட்ரன்ஸ் எக்ஸாம்.

அதுக்கு முன்னாடி பால்வாடியைச் சொல்லிடறேன். செஞ்சியில எங்க கோயில் காம்பவுண்டுக்குள்ள ஒரு ஓட்டுக் கட்டடம். சிஸ்டருங்க நடத்தினாங்க. அதுக்கும் கவர்மெண்ட் ஸ்கூலுக்கும் நடுவுல இடுப்பளவு ஒரு சுவரு, அதுலயும் பாதி இடிஞ்சு கெடக்கும். நானும் எங்க அக்காவும் கையைப் புடிச்சிக்கிட்டுப் போவோம். அக்கா என்னைவிட ஒண்ணரை வயசு மூத்தவ. ஆனா குள்ளம், உருண்டை. நான் கொக்கு மாதிரி இருப்பேன். பார்க்கறவங்க என்னைத்தான் பெரியவள்னு நெனைப்பாங்க.

பால்வாடி டீச்சரைப் பத்தி ஊர்ல யாருக்கும் பெரிய மரியாதை இல்ல. அந்தம்மாவும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். எப்பப் பாத்தாலும் கொட்டாவி. பல்லியைக் கண்டா எங்களையெல்லாம் விட்டுட்டு வாசலுக்கு ஓடிடும். எங்களை உக்கார வெச்சு அ, ஆ எழுதவெச்சது கெடையாது. மணல்ல விட்டுடும். புளியங்கொட்டையைக் கொட்டிட்டு, "பெருசெல்லாம் ஒரு பக்கம், சிறுசெல்லாம் ஒரு பக்கம்" அப்படிங்கும். பிரிச்சு வெச்சா, "சரி, இப்ப கலைச்சுட்டு வேற மாதிரி பிரிங்க" அப்படிங்கும். வேற மாதிரின்னா எப்படின்னு சொல்லாது. நாங்க உக்காந்து சண்டை போட்டுப் பிரிப்போம். பளபளப்பு ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம்னு ஒரு நாள் நான்தான் கண்டுபுடிச்சேன். அன்னிக்கு எனக்கு இருந்த பெருமை கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல.

பின்னாடி ஒரு சறுக்குப் பாறை. நம்ம ஊர்ல பாறைக்கா பஞ்சம்? எத்தனை தலைமுறைப் புள்ளைங்க சறுக்கி வழவழப்பா ஆக்கினதோ, காலையில சில்லுனு இருக்கும், பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல்லு. சறுக்கிச் சறுக்கி என் ஜட்டி எல்லாம் பின்பக்கம் ஓட்டை. அம்மா திட்டிக்கிட்டே ஒட்டுப் போடுவாங்க. பால் பவுடரைக் கரைச்சுக் குடுப்பாங்க, அதுல கட்டி கட்டியா மெதக்கும். அந்தக் கட்டியை மேலண்ணத்துல ஒட்டவெச்சு நாக்கால நக்கி நக்கி மத்தியானம் வரைக்கும் வெச்சிருப்போம். கோதுமை உப்புமா வாசனை சுவரைத் தாண்டி ஸ்கூல் வரைக்கும் போவும்.

இதெல்லாத்தையும்விட எனக்கு மறக்காதது வேற. தினமும் காலையில டீச்சர் அவரைக்கொட்டை உரிச்சிக்கிட்டோ பூ கட்டிக்கிட்டோ உக்காந்திருக்கும். நாங்க சுத்தி உக்காரணும். வர்ற வழியில இன்னா பார்த்தோம்னு ஒருத்தர் சொல்லணும். நாலு வயசுப் புள்ளை இன்னா சொல்லும்? "நாய் பார்த்தேன் டீச்சர்." அதோட நின்னுடும். டீச்சர் தலையைத் தூக்காமலே, "அப்புறம்?" அப்படிங்கும். சொல்லிட்டு சும்மா இருக்கும். நாம வாயைத் தொறக்கற வரைக்கும் சும்மாவே இருக்கும். யாராவது நடுவுல பூந்தா முறைக்கும். அந்த "அப்புறம்?" இருக்குதே, அதுக்கு ஒரு பதில் உள்ளுக்குள்ள எங்கியோ இருந்து வந்துடும் பாருங்க, அது எங்கருந்து வருதுன்னு நமக்கே தெரியாது.

அன்னிக்கு என் முறை. நான் குரங்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன். மலை அடிவாரத்துல கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருத்தர் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுக் கால் கழுவறாரு. குரங்கு ஒண்ணு வந்து ஒரு செருப்பை மட்டும் தூக்கிக்கிட்டுப் பாறை மேல ஏறிடுச்சு. ஏறி உக்காந்து, நம்மளை மாதிரியே அதுல காலை உட்டுச்சு.

"அப்புறம்?" அப்படின்னு டீச்சர் கேட்டுச்சு.

நான் வாயைத் தொறக்கறேன், வாசல்ல எங்க நைனா நிக்கிறாரு. வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு. கடலை உடைக்கற மல்லாட்டை மில்லுல மூட்டை தூக்கறவரு, வருஷத்துல பெரிய திருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும்தான் வெள்ளைச் சட்டை. "பெரியவளை ஸ்கூல்ல சேக்கணும், அனுப்புங்க டீச்சர்" அப்படின்னாரு. அக்கா எழுந்துச்சு. எனக்கு அக்கா போற எடத்துக்குப் போயே ஆவணும். கதையை அப்படியே போட்டுட்டு நானும் பின்னாடியே ஓடினேன்.

போனது தப்பு. இப்பவும் அந்த வாசப்படியை நெனைச்சா திரும்பி உள்ள ஓடணும்னு எனக்குக் காலு ஊறுது.

ஹெட்மாஸ்டர் வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. அக்காவைக் கூப்பிட்டு, "காதைத் தொடு" அப்படின்னாரு. அக்கா கையை வளைச்சுச்சு. விரல் நுனி உச்சந்தலையைத் தாண்டி முடியில நின்னுடுச்சு. மூச்சைப் புடிச்சுப் பார்த்துச்சு, எக்கிப் பார்த்துச்சு. தலையைச் சாய்ச்சுச்சு. "சாய்க்காத, நேரா நில்லு" அப்படின்னாரு. அக்கா மூஞ்சி செவந்துடுச்சு.

நான் பக்கத்துல நின்னு அக்கா பண்ணதையே பண்ணிக்கிட்டிருந்தேன். வேற ஒண்ணுமில்ல, ஒரு விளையாட்டு. என் கை தலையைச் சுத்திப் போயி காதைத் தொட்டு, காது மடலைப் புடிச்சு இழுக்கவே ஆரம்பிச்சிடுச்சு. ஹெட்மாஸ்டர் பார்த்துட்டாரு. விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"யோவ், பெரியவ எட்டல, சின்னவ எட்டிட்டாளேய்யா!"

நைனாவுக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் அவரு மொகம் மலர்ந்துச்சு பாருங்க. "அப்ப இவளையே போட்டுக்குங்க சார். சுட்டிதான் சார் இது" அப்படின்னாரு. நாலு வயசு முடிஞ்சு அரை வருஷம்தான் ஆவுதுன்னு அவரும் சொல்லல, இவரும் கேக்கல. கைதான் எட்டிடுச்சே, அதுக்கு மேல சாட்சி இன்னா வேணும்? எனக்கு ஒரு ஜூன் மாசம் குடுத்துப் பேரை எழுதிட்டாரு. அக்காவைப் பார்த்து, "நீ இன்னொரு வருஷம் உப்புமா சாப்டு போ" அப்படின்னாரு.

திரும்பி வரும்போது நைனா என்னைத் தோள்ல தூக்கிவெச்சு பஜார் பூரா நடந்தாரு. பேக்கரியில எனக்கு ஒரு ஜாம் பன்னு. பார்க்கறவங்ககிட்டல்லாம், "ஒண்ணாங்கிளாஸ் போயிட்டா" அப்படிங்கறாரு. அக்கா கீழ நடந்து வருது. சின்ன வயசுல ஸ்கூல் வாசப்படியையே மிதிக்காத மனுஷன் அவரு. அவரு கெட்டவர்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். சந்தோஷத்துல பண்ணிட்டாரு. அந்தப் பன்னு ருசி இன்னும் நாக்குலதான் இருக்குது, அதான் கோபம் கோபமா வருது.

மறுநாள்ல இருந்து வீட்ல ரெண்டு கூத்து. அக்கா கோயில் காம்பவுண்டு வேப்பமரக் கிளையில தொங்கும். கை நீளுமாம். உள்ளங்கையெல்லாம் செராய்ச்சுப் போச்சு. நான் என் கையை அக்குளுக்குள்ள சொருகி வெச்சுக்கிட்டுத் திரிவேன், மறுபடியும் அளந்து பார்த்தா எட்டக்கூடாதுன்னு. அம்மா ரெண்டு பேரையும் பார்த்து, "இதுங்களுக்கு இன்னா பேயா புடிச்சிருக்குது?" அப்படிம்பாங்க. மறுபடியும் யாரும் அளக்கவே இல்ல.

ஒண்ணாங்கிளாஸ் ரூமு. உங்களுக்கும் தெரியும், நீங்கள்லாம் அங்கதானே இருந்தீங்க. நீங்க எல்லாம் எனக்குப் பெரிய ஆளுங்களா தெரிஞ்சீங்க. வாத்தியார் அடிக்கறவரு இல்ல, ஆனா ஒருத்தரு, நாம மாட்டுமந்தை மாதிரி இருப்போம், அவரு இன்னாதான் பண்ணுவாரு. பல்பத்தைக் கையில குடுத்தாரு. என் விரலுக்கு அது நிக்காது. அழுத்தினா ஒடஞ்சிடும், அழுத்தலைன்னா எழுத்து விழாது. ஒடஞ்சதைத் தின்னுடுவேன். மண்ணு ருசி, கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும். ஸ்லேட்டைத் தொடைக்கக் கோவை இலை பறிச்சு வெச்சிருப்பேன், எழுதினதைவிடத் தொடைச்சதுதான் ஜாஸ்தி. மத்தியானம் ஆனா தூக்கம் வந்துடும். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த பையன் முதுகுல சாஞ்சு தூங்கிடுவேன். அவன் இந்த குரூப்புலதான் இருக்கான், இன்னிக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்றான். பண்ணுடா, பண்ணு.

வாத்தியார் சொல்லுவாரு, நாம கோரஸா சொல்லணும். எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா பக்கத்துல மளிகைக் கடைக்காரர் பொண்ணு உக்காந்திருப்பா, நல்லா படிப்பா. நான் அவ வாயைப் பார்க்க ஆரம்பிச்சேன். உதடு குவியுது, நானும் குவிப்பேன். பல்லு தெரியுது, நானும் காட்டுவேன். அவ சொன்ன அரை நொடிக்குள்ள அதே சத்தம் என் வாயில வந்துடும். கோரஸ்ல யாருக்குத் தெரியப் போவுது? வாத்தியாருக்கு நான் படிக்கிற புள்ளை. அ, ஆ-வில ஆரம்பிச்சு வாய்ப்பாடு வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். அதுல நான் ரொம்பக் கெட்டிக்காரியா ஆயிட்டேன். படிக்கக் கத்துக்க வேண்டிய வயசுல வாயைப் பார்க்கக் கத்துக்கிட்டேன்.

கடைக்காரர் பொண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு வாரம் லீவு. அந்த வாரம்னு பார்த்து வாத்தியார் என்னை எழுப்பி, போர்டுல இருக்கறதை வாசிக்கச் சொன்னாரு. பக்கத்துல பார்க்கறேன், காலி எடம். வேற வழி தெரியாம வாத்தியார் வாயையே பார்க்கறேன். அவரு வாயை மூடிக்கிட்டு நிக்கிறாரு.

"என் வாயில இன்னாடி பார்க்கற? படம் ஓடுதா?"

எல்லாரும் சிரிச்சீங்க. குத்தம் சொல்லல, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா அந்தச் சிரிப்புக்கு நடுவுல, இடிஞ்ச சுவருக்கு அந்தாண்ட இருந்து ஒரு குரல் கேட்டுச்சு. "அப்புறம்?" யாரோ கதை சொல்லிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் அக்கா குரல். எங்க வீட்ல வாயே தொறக்காத அக்கா, அங்க கடகடன்னு இன்னாவோ சொல்லிக்கிட்டிருந்துச்சு.

நான் ஓடினேன். ஸ்லேட்டைப் போட்டுட்டு, சுவரேறிக் குதிச்சு, பால்வாடிக்குள்ள போயி, என் பழைய எடத்துல அக்காவுக்கும் தூணுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டேன். டீச்சர் ஏன் வந்தன்னு கேக்கல. "வந்துட்டியா? அந்த குரங்கு இன்னாடி ஆச்சு?" அப்படின்னுது.

ஞாபகம் வெச்சிருந்துச்சு பாருங்க! எனக்கு அழுகைதான் வந்துச்சு. தேம்பலுக்கு நடுவுல கதை வருமா? டீச்சர் உப்புமா தட்டை என் முன்னாடி தள்ளிட்டு, "சாப்டு, அப்புறம் சொல்லு" அப்படின்னுது.

அப்புறம் சொல்ல முடியல. மில்லுக்கு ஆள் போயி, நைனா வந்துட்டாரு. தலை பூரா மல்லாட்டைத் தொலி. "பெரிய கிளாஸ் போன புள்ளை இங்க வந்து உக்காரலாமா? மானம் போவுது எனக்கு." டீச்சர் கொட்டாவி விட்டுக்கிட்டே எழுந்து வந்து, "சின்னப் புள்ளைதாங்க இது. இந்த வருஷம் இங்கயே இருக்கட்டுமே" அப்படின்னுது. நைனா சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்குது: "நீங்க உப்புமா கிண்டுங்க டீச்சர், படிப்பை நாங்க பாத்துக்கறோம்."

டீச்சர் சண்டை போடல. "சரிங்க" அப்படின்னுட்டுப் போயிடுச்சு. போட்டிருக்கலாம், இல்ல? சில சமயம் அந்தம்மா மேலயும் எனக்குக் கோபம் வரும். அதுக்கும் இன்னா அதிகாரம் இருந்துச்சு, ஊரே அதைச் சோறாக்கற ஆளா பார்த்தா?

அடுத்த ஜூன்ல அக்கா கை எட்டிடுச்சு. ஒண்ணாங்கிளாஸ்ல போயி உக்காந்துச்சு. பல்பம் அது கையில ஒடையவே இல்ல, ஒரு வருஷம் மணல்லயும் கொட்டையிலயும் ஊறின விரலு. புரியலைன்னா கையைத் தூக்கி, "ஏன் சார்?" அப்படிங்கும். யாராவது முந்திரிக்கொட்டையா பூந்தா, "என் முறை முடியட்டும்" அப்படிங்கும். வீட்ல எல்லாருக்கும் ஆச்சரியம். பெரியவ மந்தம், சின்னவ சுட்டின்னு அதுவரைக்கும் சொன்ன வாயெல்லாம் அப்படியே திரும்பிடுச்சு. மூணாங்கிளாஸ்ல என்னை நிறுத்திட்டாங்க. அக்கா வந்து என் பக்கத்துலயே உக்காந்துச்சு. அப்ப நைனா சொன்னாரு, "கைதான் வளர்ந்திருக்குது, மண்டை வளரல." அவரு ஏதோ ஆத்தாமையில சொன்னது. அது என் கூடவே வந்துடுச்சு.

அக்காவுக்குத் தெரியும், நான் அது வாயைப் பார்க்கறேன்னு. ஒரு நாளும் யார்கிட்டயும் சொல்லல. எனக்காகக் கொஞ்சம் மெதுவா, வாயை நல்லாத் தொறந்து சொல்லும். அப்படியே அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனோம். அப்புறம் அது முன்னாடி போயிடுச்சு, நர்ஸுக்குப் படிச்சுச்சு. நான் எட்டாங்கிளாஸோட நின்னு மெஷின் மிதிக்கப் போயிட்டேன். எல்லாத்துக்கும் அந்த ஒரு வருஷம்தான் காரணமான்னு கேட்டா எனக்குத் தெரியல. அக்காவைக் கேட்டா, "போடி, அந்த வருஷம் பூரா நான் மரத்துல தொங்கி அழுதேன், உனக்கு இன்னா தெரியும்?" அப்படிங்குது. அதுவும் நெசம்தான். ஆனா அது அழுதது ஒரு வருஷம்.

சரி, இப்ப ஏன் உக்கார முடியலன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு வர்றேன்.

என் பொண்ணு பஜார்ல ஒரு மொபைல் கடையில வேலை பார்க்குது. மருமகன் சென்னைப் பக்கம் ஒரகடத்துல கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. பேத்திக்கு மூணு வயசு முடிஞ்சு கொஞ்ச மாசம் ஆவுது. வளர்த்தி என் வளர்த்தி. என் கொக்குக் காலு, என் கையி. அங்கன்வாடியில விடலாம்னு நான் சொன்னதுக்கு, "அங்க முட்டையும் சத்துமாவும்தான் தருவாங்க, இன்னா சொல்லித் தருவாங்க?" அப்படின்னா என் பொண்ணு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நைனா குரல் அப்படியே!

இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஒண்ணுல விசாரிச்சிருக்கா. உயரமா இருக்குது, ரைம்ஸ் எல்லாம் சொல்லுது, நேரா யு.கே.ஜி.யில போட்டுடலாம், ஒரு வருஷம் மிச்சம்னு சொல்லியிருக்காங்க. "ஒரு வருஷத்தை மிச்சம் புடிச்சு இன்னாடி பண்ணப் போற?"ன்னு கேட்டேன். "உனக்குத் தெரியாதும்மா, இப்பல்லாம் காம்பெடிஷன். நீகூட சீக்கிரமே சேர்ந்தவதானே, நல்லாத்தானே இருக்கற?" அப்படின்னா. நான் நல்லா இருக்கறேனான்னு யோசிச்சுக்கிட்டே ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தேன்.

சனிக்கிழமை இன்டர்வியூ. நானும் வர்றேன்னு கெளம்பிட்டேன். மூணு பேரும் ஸ்கூட்டியில போனோம். ஏசி ரூமு, சுவரு பூரா கார்ட்டூன் பொம்மை. மிஸ் நல்ல மாதிரி, சிரிச்ச மொகம். பேத்தியை எதிர்ல உக்காரவெச்சு ஒவ்வொரு அட்டையா காட்டறாங்க. என் பொண்ணு மிஸ்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில, புள்ளைக்கு நேர் எதிர்ல.

"வாட் இஸ் திஸ்?"

"எலிபென்ட்!"

"திஸ்?"

"அம்ப்ரெல்லா!"

"சூப்பர்! ரொம்ப ஷார்ப்பா இருக்கா மேடம்" அப்படின்னாங்க மிஸ். என் பொண்ணு மொகத்துல அந்த மலர்ச்சி. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வேப்பமரத்தடியில நின்ன நைனா மொகத்துல நான் பார்த்த அதே மலர்ச்சி.

நான் புள்ளையைப் பார்த்தேன். புள்ளை அட்டையைப் பார்க்கல. அட்டை வர்ற நேரம் அது கண்ணு நேரா அதோட அம்மா வாய்க்குப் போவுது. என் பொண்ணுக்கே தெரியாம அவ உதடு லேசா அசையுது, பாவம், எல்லா அம்மாவுக்கும் அசையறதுதான். அரை நொடி. புள்ளை வாயில இருந்து சத்தம் வருது. எனக்கு ஏசியில வேர்த்து ஊத்துது. இந்த வித்தையை யாரு இதுக்குச் சொல்லிக் குடுத்தா?

எழுந்தேன். போயி என் பொண்ணு வாயைக் கையால பொத்தினேன்.

"அம்மா! இன்னாம்மா பண்ற?"ன்னு கைக்குள்ளயே கத்தறா. "இப்பக் கேளுங்க மிஸ்" அப்படின்னேன். மிஸ் பயந்துட்டாங்க. ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினாங்க. நாய்ப் படம். வீட்டு வாசல்ல தினமும் நாயோட கொஞ்சற புள்ளை. அது அட்டையைப் பார்க்கல. அம்மா வாய் இருந்த எடத்துல என் கை. ஒரு நிமிஷம் தேடுச்சு. அப்புறம் என் வாயைப் பார்த்துச்சு.

நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அசைக்கலாம், ஒரு சின்ன அசைவு போதும், புள்ளை பொழைச்சுக்கும். அது எவ்ளோ கஷ்டம் தெரியுமா உங்களுக்கு? புள்ளை கண்ணு ரொம்பிடுச்சு. நான் அசைக்கல.

என் பொண்ணு வாயில இருந்து என் கையை எடுத்தா. கோபமா எடுக்கல, மெதுவா எடுத்தா. புள்ளையையே பார்த்துக்கிட்டிருந்தா. "பரவால்ல மேடம், ஷையா இருக்கா, யு.கே.ஜி.யே போட்டுடலாம்" அப்படின்னாங்க மிஸ். என் பொண்ணு புள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, "வேணாம் மிஸ். ஒரு வருஷம் போவட்டும்" அப்படின்னுட்டு வெளிய வந்துட்டா.

ஸ்கூட்டியில கெளம்பினோம். புள்ளை முன்னாடி நிக்குது, நான் பின்னாடி. மலை பக்கமா வர்றோம், பாறை எல்லாம் வெயில்ல அனலா அடிக்குது. திட்டப் போறான்னு காத்துக்கிட்டே வர்றேன்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?" அப்படின்னா. கண்ணாடியில என்னைத்தான் பார்க்கறா.

"நானும் அப்படித்தான்."

"சின்ன வயசுலயா?"

"இப்பவும்தான்" அப்படின்னேன். "பூசையில, மகளிர் குழு மீட்டிங்ல, பேங்க்ல. உன் கல்யாணத்துல ஃபாதர் சொல்லச் சொன்னப்பகூட. பக்கத்துல இருக்கறவங்க வாயைப் பார்த்துத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவ வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சா. பின்னாடி வந்த பஸ்ஸு ஆரன் அடிச்சிக்கிட்டுப் போச்சு. அவளுக்கு அந்த டீச்சரைப் பத்தி ஒண்ணும் தெரியாது, நான் ஒரு நாளும் சொன்னது இல்ல. ஆனா அவ பாதி திரும்பி, என்னைப் பார்த்து, "அப்புறம்?" அப்படின்னா. சொல்லிட்டு சும்மா இருந்தா.

அந்தக் குரங்குக் கதை, பால்வாடியில விட்ட எடத்துல இருந்துதான் வந்துச்சு.

"செருப்பு அதுக்கு ரொம்பப் பெருசா இருந்துச்சு" அப்படின்னேன்.

"எதுக்கு ஆயா பெருசு?"ன்னு முன்னாடி நின்னுக்கிட்டிருந்த பேத்தி கேட்டுச்சு. ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டுச்சு, யார் வாயையும் பார்க்கல.